உன் அப்பாவின் படத்துக்குக் கீழே

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டபோது "சரி சாமி, பாக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தச் சரியை நீ சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பாய். அது சம்மதம் இல்லை. பக்கத்தில் நிவேதா இருப்பது தெரிந்தது. கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணின் காதில் விழும்படி உன்னோடு மல்லுக்கட்ட எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். நேரில் பேசினாலும் பாதியைச் சொல்லாமல் விட்டுவிடுவேன். ஆகவே கடையில் ஆள் வராத நேரமாகப் பார்த்து, ஜெராக்ஸ் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். ஏற்காட்டில் காலையிலிருந்து பனி விலகவில்லை. ஏரிக்குப் போகிறவர்கள்கூட வாசலில் நின்று வழி கேட்டுவிட்டுத்தான் நகர்கிறார்கள். நான் எழுதுவதை நிவேதாவும் படிக்கட்டும், அவளைப் பெற்றவர்களும் படிக்கட்டும், உன் பெரியப்பாவுக்கும் வேண்டுமானால் அனுப்பு. இதில் மறைக்க ஒன்றும் இல்லை.

நீ கேட்டது சின்ன வேலை. கல்யாண அழைப்பிதழின் தலைப்பில் போடவும், சேலத்து மண்டபத்தின் வாசலில் வைக்கிற பேனரில் போடவும் அப்பாவின் படம் ஒன்று வேண்டும். அதன் கீழே 'தெய்வத்திரு' என்று சேர்த்து அவர் பெயரை எழுதி, வெள்ளிக்கிழமைக்குள் பிரஸ்ஸுக்கு அனுப்பிவிட வேண்டும். "ஒரே வார்த்தைதானுங்கம்மா, நீங்கதான் தினமும் போடறீங்களே" என்றாய். உண்மைதான். இந்த மலையில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் அந்த வார்த்தையை என் கைதான் அடிக்கிறது. என் விரல்களுக்கு அது மனப்பாடம். ஆனால் உன் அப்பா செத்துவிட்டார் என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. அவர் போன இடம் தெரியாமலே நீ வளர்ந்து மாப்பிள்ளை ஆகிவிட்டாய், அதுதான் நமக்குத் தெரிந்தது.

சம்பந்தி ஐயா என்னிடமும் பேசினார். அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "ஏனுங்க, கல்யாணத்துல நாலு பேரு நாலு விதமா கேப்பாங்க. காணாமப் போய்ட்டாருன்னு சொன்னா, எவளோ கூடப் போய்ட்டான்னு ஒருத்தன் சொல்லுவான், ஜெயில்ல இருக்கறான்னு ஒருத்தன் சொல்லுவான். காலமாயிட்டாருன்னு போட்டுட்டா ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டானுங்க" என்றார். மகளைக் கொடுக்கிற மனிதர், அவர் கவலை அவருக்கு. சம்பந்தியம்மாவும் நல்ல மனுஷி. அந்த வார்த்தை போட்டால் நான் மேடை ஏற முடியுமா, ஆரத்தி எடுக்க முடியுமா என்று நான் கேட்காமலே, "அதெல்லாம் இந்தக் காலத்துல யாருங்க பாக்கறாங்க" என்றார். பார்ப்பார்கள். பேனரைப் படித்துவிட்டு என் நெற்றியைப் பார்ப்பார்கள். அந்தக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அம்மா எங்கே நிற்க வேண்டும் என்பதை உன்னுடைய அந்த ஒரே வார்த்தைதான் தீர்மானிக்கும்.

உனக்கு அப்பாவைப் பற்றி எவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. நீ கேட்டதில்லை, நானும் பிடித்துவைத்துச் சொன்னதில்லை. ஜீப் ஓட்டினார். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நின்று, சுற்றிப் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு கரடியூர், தலைச்சோலை என்று காட்டிக் கொண்டுவருவார். ஜீப்புக்கு மகராசி என்று பெயர் வைத்திருந்தார். என்னைவிட மகராசியோடு அதிகம் பேசுவார் என்று நான் சொல்லிக்காட்டுவேன். "அவ எதுத்துப் பேச மாட்டா புள்ள" என்பார். வீட்டுக்குக் கீழே இருக்கிற வளைவில் திரும்பும்போது ஹாரனை இரண்டு தடவை அடிப்பார், நீ சோற்றுத் தட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடுவாய். மழைக்காலத்தில் சவாரி படுத்துவிடும். நீ இரண்டாம் வகுப்பு படித்த வருஷம் அப்படித்தான், லாரிக்கு மாற்று டிரைவராக வடக்கே ஒரு நடை போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பினார். "மழ முடியறதுக்குள்ள வந்துருவேன், பையன ஏரிப் பக்கம் உடாத" என்றார். நாக்பூர் தாண்டியதும் போன் செய்தார். சப்பாத்தி தின்று தின்று வாய் செத்துவிட்டது என்றார். அதற்குப் பிறகு போன் வரவில்லை. லாரிக்காரரைப் பிடித்துக் கேட்டால், ஒரு பெட்ரோல் பங்கில் டீ குடிக்க இறங்கினவர் திரும்பி வரவில்லை, மாற்றுச் சட்டை இருந்த பைகூட வண்டியிலேயே இருக்கிறது என்றார்.

போலீஸ் ஸ்டேஷனில் படம் கேட்டார்கள். கேமராவைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனிதருக்கு எங்கே போய்ப் படம் தேடுவது? நேராகப் பார்த்து எடுத்த படம் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதற்கு முந்தைய கோடை விழாவில், ஏரிக்கரையில் ஒரு போட்டோக்காரர் எடுத்தது. படகில் போனபோது உன் செருப்பு ஒன்று தண்ணீரில் விழுந்துவிட்டது. புதுச் செருப்பு. நீ கரைக்கு வந்தும் அழுகையை நிறுத்தவில்லை. அவ்வளவு பெரிய பையனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, "அந்த மீனு போட்டுக்கட்டும் சாமி, அதுக்குக் கால் குளிருதாம்" என்று அப்பா சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தபோது எடுத்தார்கள். சிரிப்பு வந்து, அதை அடக்கிக்கொண்டு, கேமராவை நேராகப் பார்க்கிறார். நீ அவர் சட்டைக் காலரை இறுக்கிப் பிடித்திருக்கிறாய்.

அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு கடைவீதிக்கு வந்தேன். அப்போதுதான் செல்வம் அண்ணனின் இந்தக் கடைக்குள் முதன்முதலாகக் கால் வைத்தேன். பெரிய கடைகளில் வைத்திருக்கிற விலை கூடின பட மென்பொருளின் திருட்டுக் காப்பி வைரஸோடு வந்து அவர் கம்ப்யூட்டரைப் படுக்க வைத்திருந்த சமயம் அது. அதனால் காசில்லாமல் இறக்கிக்கொள்கிற இலவச மென்பொருள் ஒன்றைப் போட்டு வைத்திருந்தார். அதில் தமிழ் எழுத்து ஒழுங்காக உட்காராது. கொம்பு ஒரு பக்கம் போகும், எழுத்து ஒரு பக்கம் நிற்கும். படத்தை ஸ்கேன் செய்து, முகம் மட்டும் வரும்படி வெட்டினார். நீ வெளியே போய்விட்டாய். ஆனால் உன் விரல்கள் காலரில் நின்றுவிட்டன. அதை அழித்தால் சட்டை கிழிந்தது மாதிரி தெரிகிறது என்றார். அப்படியே இருக்கட்டுமுங்க என்றேன். பிறகு மேலே சிவப்பில் ஒரு வார்த்தை அடித்தார். அந்த நேரம் பார்த்து ஜெராக்ஸுக்கு ஆள் வந்துவிட்டது. "ஏனுங்க, இந்த மவுஸப் புடிச்சு எழுத்த எங்க வேணுமோ அங்க நகத்தி வையுங்க, இதோ வந்தர்றேன்" என்று எழுந்து போனார். நான் பிடித்தேன். கம்ப்யூட்டரில் என் கையால் முதன்முதலாக நகர்த்தின வார்த்தை 'காணவில்லை' என்பதுதான். அது உன் அப்பாவின் நெற்றியில் விழாமல் மேலே தூக்கி வைத்தேன்.

சேலம் பஸ் ஸ்டாண்டிலும் ரயில்வே ஸ்டேஷனிலும் அதை ஒட்டினோம். நாக்பூர் வரைக்கும் உன் பெரியப்பா கொண்டுபோய் ஒட்டிவிட்டு வந்தார். ஒரு போனும் வரவில்லை. மறுபடியும் அச்சடிக்க, மறுபடியும் அச்சடிக்க என்று நான் கடைக்கு வந்துகொண்டே இருந்தேன். ஒரு நாள் செல்வம் அண்ணன், "இங்கயே உக்காந்து இந்த வேலயக் கத்துக்கங்களேன், லாட்ஜுல பாத்திரங் கழுவறதுக்கு இது எவ்வளவோ தேவல" என்றார். அப்படித்தான் உன் அம்மா எழுத்துப் போடுகிறவள் ஆனாள். நீ இன்றைக்கு இன்ஜினியர், நான் பேசுகிற லேயரும் ஃபாண்டும் உனக்குச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் உன்னைப் படிக்க வைத்தது அந்த இலவச மென்பொருள்தான் என்று நிவேதாவிடம் சொல்லு, எனக்குப் பெருமையாக இருக்கும்.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது உனக்கு விளங்கும். ஒரு படத்தின் மேல் எழுத்தைப் போடும்போது அது படத்தோடு ஒட்டிவிடாது. கண்ணாடித் தாளில் எழுதி மேலே வைத்த மாதிரி, தனி லேயராக நிற்கும். ஓரத்தில் சின்னதாக ஒரு கண் படம் இருக்கும். அதைத் தட்டினால் எழுத்து மறையும், மறுபடி தட்டினால் வரும். கீழே இருக்கிற முகத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அந்தக் கோப்பை அப்படியே சேலத்துப் பிரஸ்ஸுக்கு அனுப்ப முடியாது. நம்முடைய ஃபாண்ட் அவர்களிடம் இருக்காது, எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். அதனால் எழுத்தையும் படத்தையும் ஒன்றாக இறுக்கி ஒரே படமாக்கித்தான் அனுப்புவோம். இறுக்கின பிறகு பிரிக்க முடியாது. புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள் இறுக்கின படத்தை மட்டும் வைத்துக்கொண்டு, லேயர் இருக்கிற கோப்பைச் சேமிக்காமல் மூடிவிட்டு, பிறகு தலையில் கை வைத்து உட்காருவார்கள். நான் இந்த நாள் வரைக்கும் ஒரு கோப்பையும் அழித்ததில்லை. இந்த மலையில் பாதிப் பேரின் முகம் எழுத்து வேறாகவும் படம் வேறாகவும் என்னிடம் இருக்கிறது.

கரடியூரில் ஒரு காப்பித் தோட்டக்காரர் இருந்தார். பெயர் சொன்னால் உனக்குத் தெரியும், வேண்டாம். நெஞ்சு வலி என்று சேலத்துக்குக் கொண்டுபோனார்கள், டாக்டர் கையை விரித்துவிட்டார். நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியாதா? பேனர் சேலத்தில் அச்சாகி பஸ்ஸில் ஏறி வர ஒரு நாள் ஆகும். எடுக்கிற நேரத்துக்கு வாசலில் பேனர் இல்லாவிட்டால் சாதிசனம் பேசும் என்று, உயிர் இருக்கும்போதே சொல்லி வைத்துவிடுகிறவர்கள் உண்டு. அவருடைய மகன்களும் சொல்லிவிட்டார்கள். நானும் கேள்வி கேட்காமல் கண்ணீர் அஞ்சலி போட்டு அனுப்பிவிட்டேன். பேனர் பஸ்ஸில் வந்து இறங்கியது. அதற்கு அடுத்த பஸ்ஸில் அவரும் வந்து இறங்கினார்.

மகன்கள் ஒளித்து வைத்ததை எப்படியோ பார்த்துவிட்டார் போலிருக்கிறது. சுருட்டின பேனரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேராகக் கடைக்கு வந்துவிட்டார். எழுந்து நின்றுவிட்டேன். அவர் மேஜை மேல் அதை விரித்து, தன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"படம் நொம்ப நல்லா வந்திருக்குதுங்க. பசங்க இத்தன நாளா எனக்கு இப்பிடி ஒரு படம் எடுத்துக் குடுத்ததில்ல. கீழ எழுதியிருக்கறத மட்டும் எடுத்துப்போட்டு, ஊட்டுல மாட்டற மாதிரி ஒண்ணு போட்டுக் குடுங்க" என்றார்.

"மன்னிச்சுக்கங்க, தெரியாம நடந்துபோச்சுங்க" என்றேன்.

"எழுதுனவங்க மேல தப்பில்லீங்க. நான் வர்றதுக்குள்ள எழுத்து வந்திருச்சு, அவ்வளவுதான்" என்று சிரித்தார்.

கண் படத்தைத் தட்டினேன். அஞ்சலி போயிற்று, தேதி போயிற்று, அவர் மட்டும் இருந்தார். அந்தப் படம் அவர் வீட்டு முன்னறையில் பல வருஷம் தொங்கியது. போகிறவர் வருகிறவருக்கெல்லாம் கதையைச் சொல்லிச் சிரிப்பாராம். பிறகு ஒரு காப்பிப் பழ அறுவடைக் காலத்தில் உண்மையாகவே போய்விட்டார். அதே மகன்கள்தான் வந்தார்கள். அதே கோப்பைத் திறந்தேன், அணைத்து வைத்திருந்த கண்ணைத் தட்டினேன், தேதியை மட்டும் மாற்றினேன். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. ஆனால் தட்டத் தயங்கவில்லை. அவர் இறந்தது ஊருக்கே தெரியும், பார்த்தவர்கள் இருந்தார்கள், தூக்கிப் போனவர்கள் இருந்தார்கள். அந்த எழுத்துக்கு வேளை வந்திருந்தது. உன் அப்பாவுக்கு அந்த வேளை வந்ததா என்று சொல்ல ஒருவரும் இல்லையே கண்ணு.

நீ அந்த வார்த்தையை எனக்கு முன்பே போட்டுவிட்டாய் என்பதும் எனக்குத் தெரியும். நீ காலேஜ் ஹாஸ்டலில் இருந்தபோது, உன் கூட்டாளியின் அம்மா ஒரு தடவை ஏற்காடு பார்க்க வந்தார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "சின்ன வயசுலயே உங்க வீட்டுக்காரர் ஆக்சிடென்ட்ல போயிட்டாராமே, பையன் சொன்னான்" என்றார்கள். பிறகு என் நெற்றியைப் பார்த்துக் குழம்பிப்போய்ப் பேச்சை மாற்றினார்கள். நான் மறுத்துச் சொல்லவில்லை. உனக்குக் கோபம் வரும்படி அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கவில்லை. விட்டுவிட்டுப் போன அப்பாவைவிடச் செத்துப்போன அப்பா உனக்குத் தேவலையாக இருந்திருக்கிறார். பிள்ளைகள் மத்தியில் தலை நிமிர்ந்து நடக்க உனக்கு அது தேவைப்பட்டது. உன்னைப் பெற்ற எனக்கு அது புரியாமல் போகுமா?

இன்னொன்றும் சொல்கிறேன், இதை யாரிடமும் சொன்னதில்லை. திங்கட்கிழமை நீ சொன்னதைச் செய்து பார்த்தேன். பழைய கோப்பைத் திறந்தேன். கடையில் கம்ப்யூட்டர் மாறும்போதெல்லாம் முதலில் அதைத்தான் எடுத்து வைப்பேன். காணவில்லை என்கிற சிவப்பு எழுத்து அப்படியே இருந்தது. அதன் கண்ணை அணைத்துவிட்டு, புது லேயர் போட்டு, தெய்வத்திரு என்று அடித்து, அவர் பெயரையும் அடித்தேன். வெள்ளை எழுத்து, மெல்லிய கறுப்பு ஓரம், எல்லோருக்கும் போடுவது போலத்தான். அழுது விழுவேன் என்று நினைத்து, செல்வம் அண்ணனை டீ குடிக்க அனுப்பிவிட்டுத்தான் செய்தேன். அழுகை வரவில்லை. நிம்மதியாக இருந்தது. தூக்கிக்கொண்டு நின்ற பாரத்தை யாரோ வாங்கி இறக்கி வைத்த மாதிரி இருந்தது. இனிமேல் வளைவில் ஹாரன் சத்தம் கேட்டால் கையில் இருக்கிறதைப் போட்டுவிட்டு எட்டிப் பார்க்க வேண்டாம், தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் ஓடிப்போய் எடுக்க வேண்டாம் என்று தோன்றியது. அந்த நிம்மதிதான் கண்ணு என்னைப் பயமுறுத்தியது. எனக்கு ஓய்வு வேண்டும் என்பதற்காக ஒரு மனிதரைச் சாகடித்துவிடலாமா? சேமிக்காமல் மூடிவிட்டேன்.

உன் பெரியப்பா முன்பே காரியம் செய்துவிடலாம் என்றார். அவரும் நல்லதற்குத்தான் சொன்னார், நாக்பூர் வரை போய் அலைந்தவர் அவர். நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை. பொட்டை விடாமல் வைத்துக்கொண்டிருப்பது புருஷன் வருவான் என்ற பிடிவாதம் என்று ஊரில் நினைக்கிறார்கள். வருவார் என்று நான் நம்பவில்லை சாமி. நம்பிக்கை எப்போதோ தேய்ந்துபோயிற்று. வந்தால் முதலில் அறைந்துவிட்டுத்தான் சோறு போடுவேன். ஆனால் நம்பிக்கை போனது வேறு, தெரிந்துகொண்டது வேறு. தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரி எழுதி, உன் கல்யாண வாசலில் ஆள் உயரத்துக்கு நிறுத்த என்னால் ஆகாது.

புதுக் குடும்பம் நடத்தப் போகிறாய், ஒன்று சொல்கிறேன், அம்மா பாடம் எடுக்கிறாள் என்று நினைக்காதே. நீ என்னைப் போல இல்லை, எதையும் சட்டென்று முடித்துவிட வேண்டும் உனக்கு. இழுத்துக்கொண்டே கிடக்கிற எதுவும் உனக்கு ஆகாது. நிவேதாவோடு அப்படி இருக்காதே. அவள் ஒரு நாள் பேசாமல் இருந்தால், உடனே அவளுக்கு ஒரு பெயர் வைத்து, இவள் இப்படித்தான் என்று முடிவு கட்டிவிடாதே. தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று இரண்டு நாள் இரு. கேளு. மறுபடியும் கேளு. என் வயதுக்கு நான் கற்றது இவ்வளவுதான், உனக்கு உதவினால் வைத்துக்கொள்.

இப்போது உன் பேனருக்கு வருகிறேன். வெறும் கையோடு உன்னைச் சம்பந்தி முன்னால் நிறுத்த மாட்டேன். நேற்று அந்தக் கோப்பை மறுபடியும் திறந்தேன். முகத்தை மட்டும் வெட்டி வைத்திருந்ததை விட்டுவிட்டு, ஏரிக்கரையில் எடுத்த முழுப் படத்தையும் கொண்டுவந்தேன். அன்றைக்கு வெளியே போன நீ திரும்பி வந்துவிட்டாய். ஒரு காலில் செருப்பு இருக்கிறது, ஒரு கால் வெறுங்கால். அழுது சிவந்த மூக்கு. மங்கிப்போன இடங்களைச் சரி செய்தேன், ஏரித் தண்ணீரில் இருந்த கீறலை எடுத்தேன். உன் மூக்கை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன். படத்துக்குக் கீழே அவர் பெயரை எழுதினேன். திருவும் இல்லை, தெய்வத்திருவும் இல்லை. பெயருக்கு அடியில் 'மணமகனின் தந்தை' என்று போட்டிருக்கிறேன். அவர் எங்கோ இருந்தாலும் அது உண்மை, இல்லாமல் போயிருந்தாலும் அது உண்மை. அதை யாரும் வந்து மாற்றச் சொல்ல முடியாது. சம்பந்தி ஐயாவிடம் நானே பேசுகிறேன். யாராவது கேட்டால், "எங்களுக்குத் தெரியாதுங்க" என்று நீ சொல்லு. உன் வாயால் ஒரு தடவை சொல்லிப் பார், நீ நினைக்கிற அளவுக்குக் கஷ்டமாக இருக்காது. நான் என் நெற்றியில் இருக்கிற பொட்டோடு மேடைக்கு வந்து உன் பக்கத்தில் நிற்பேன். அது பிடிக்காதவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

இந்தக் கடிதத்தோடு இரண்டு கோப்பு அனுப்புகிறேன். ஒன்று, இறுக்கின படம். அதுதான் பிரஸ்ஸுக்கு. இன்னொன்று லேயரோடு இருப்பது, அது உனக்கு, எழுத்து உடையாமல் திறக்க நம் ஃபாண்டையும் சேர்த்திருக்கிறேன். அதில் காணவில்லை என்ற எழுத்தும் இருக்கிறது, நீ கேட்ட வார்த்தையையும் திரும்ப அடித்து வைத்திருக்கிறேன். இரண்டின் கண்ணையும் அணைத்திருக்கிறேன். என்றைக்காவது ஒரு செய்தி வந்தால், அப்போது நான் இல்லாவிட்டால், எதைத் தட்ட வேண்டும் என்று உனக்குத் தெரியும். இப்போதே தட்ட வேண்டும் என்று உனக்குத் தோன்றினால், தட்டிவிட்டு, இறுக்கி, நீயே பிரஸ்ஸுக்கு அனுப்பிக்கொள். நான் சண்டைக்கு வர மாட்டேன். அன்றைக்குப் பொட்டில்லாமல் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து, வயிறாரச் சாப்பிட்டு, மனதார வாழ்த்திவிட்டு மலைக்கு பஸ் ஏறிவிடுவேன். என் பிள்ளை கல்யாணம் எனக்குப் பெரிது. ஆனால் அந்த விரல் உன்னுடையதாக இருக்கட்டும். அதை மட்டும் என்னைச் செய்யச் சொல்லாதே.

முதல் படத்தையே அனுப்புவதென்றால் ஒன்றைக் கவனித்துக்கொள். உன் விரல்கள் அவர் காலரைப் பிடித்திருக்கிற இடத்தில் படாமல் எழுத்தை நன்றாகக் கீழே இறக்கி வைத்திருக்கிறேன். பேனரின் அடியில் மண்டபத்தின் பெயர் போட இடம் போதவில்லை என்று பிரஸ்காரர்கள் உன் விரல்களை மறைத்துப் படத்தின் மேலேயே ஒரு பட்டை அடிக்கப் பார்ப்பார்கள். நீ பக்கத்தில் நின்று பார். அந்தக் கையின் மேல் எதையும் ஏற்ற விடாதே, கண்ணு.

அம்மா